கோப்புக்கும் ஞாபகம் உண்டு

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்ற அறிவிப்போடு தமிழ் இணையக் கல்விக்கழகம் திறந்துவிட்டபோது, தமிழ் விக்கிமூலத்தின் தன்னார்வலர்களுக்கு மகிழ்ச்சியைவிட மலைப்பே அதிகமாக இருந்திருக்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், லட்சக்கணக்கான பக்கங்கள், அத்தனையும் படங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது. உட்கார்ந்து தட்டச்சு செய்வதென்றால் ஒரு தலைமுறை வேண்டும்.

வழி ஒன்று இருந்தது. அதுவும் இலவசமாக, பலர் தினமும் திறக்கும் இடத்திலேயே. கூகுள் டிரைவில் ஒரு படத்தையோ பிடிஎஃப்பையோ ஏற்றி, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' என்ற வரியில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுத்தால், படத்தில் உள்ள எழுத்தெல்லாம் திருத்தக்கூடிய உரையாக வந்து விழும். 200க்கும் மேற்பட்ட மொழிகளில் இது வேலை செய்யும் என்று 2015 மே மாதம் கூகுள் அறிவித்தது. தமிழும் அதில் உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சேர்ந்த த. சீனிவாசன் இதை வைத்து ஒரு பைத்தான் நிரல் எழுதினார். அது புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து டிரைவில் ஏற்றும், டாக்ஸாக மாற்றும், கிடைத்த உரையை எடுத்துக்கொண்டுபோய் விக்கிமூலத்தில் உரிய பக்கத்தில் போடும். மனிதர்களுக்கு மிஞ்சிய வேலை மெய்ப்புப் பார்ப்பது மட்டும். விக்கிமூலத்தில் இன்று ஒரு சொல்லைத் தேடினால் பழைய புத்தகத்தின் நடுப்பக்கத்துக்கே போய் நிற்க முடிகிறதென்றால், அந்த ரைட் கிளிக்குக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அந்த வரி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் மறுபடி டைப் அடிக்கும் அலுவலகங்களுக்கு ஊரில் குறைவில்லை. படம் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. எழுத்து நேராக, தெளிவாக இருக்க வேண்டும். மங்கிய தாளாக இருந்தால் பிழைகள் கூடும், கட்டம் போட்ட அட்டவணைகள் சிதறும். அப்படியும் முதலிலிருந்து அடிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஐந்தே கட்டளைகள்

பயன்படும் வசதிகள் ஏன் கண்ணில் படுவதில்லை? மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி ஒரு காலத்தில் பெரிதாக எழுந்தது. ஆபீஸ் 2007க்கான புதிய முகப்பை வடிவமைத்த குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ், அந்தக் கதையை அப்போதே விரிவாக எழுதினார். வேர்டின் முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள்தான் இருந்தன. 2003 பதிப்புக்கு வரும்போது அவை 1,500ஐத் தாண்டிவிட்டன. மக்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தபோது பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு என்ற ஐந்து மட்டும் மொத்தப் பயன்பாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பிடித்திருந்தன. இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது: வாடிக்கையாளர்கள் புதிதாகக் கேட்ட வசதிகளில் பல ஏற்கெனவே மென்பொருளுக்குள் இருந்தன.

அது சிடியில் வாங்கிக் கணினியில் நிறுவிய காலம். புதிய பதிப்பு வந்தால் பெட்டி வரும், 'என்ன புதுசு?' என்று நாலு பேர் கேட்பார்கள், கம்ப்யூட்டர் சென்டரில் தனி வகுப்பே நடக்கும். கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ போன்ற கிளவுட் மென்பொருள்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மெனுவில் ஒரு வரி கூடியிருக்கும், காலையில் வந்து உட்காருபவர் அதைக் கவனிக்கவே மாட்டார். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட்டைப் பெருநிறுவனங்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, முகப்பில் மின்னும் ஏஐ பட்டன்களுக்குத்தான் எல்லா விளம்பரமும். அவற்றைவிட அலுவலகத்துக்கு அதிகம் உழைக்கக்கூடியவை, சத்தமில்லாமல் பழைய மெனுக்களுக்குள் கிடக்கின்றன.

அவற்றில் முதலிடம் கோப்பின் ஞாபகசக்திக்கு.

யார், எப்போது, எதை மாற்றினார்

'ரேட் லிஸ்ட் ஃபைனல்', 'ரேட் லிஸ்ட் ஃபைனல் 2', 'ரேட் லிஸ்ட் சார் கரெக்ஷன்', 'ரேட் லிஸ்ட் சார் கரெக்ஷன் ஓகே'. இந்தப் பெயர்ச்சங்கிலி இல்லாத அலுவலகக் கணினி இருந்தால் அது புதிதாக வாங்கியதாக இருக்கும். கிளவுடுக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. டிரைவில் இருக்கும் ஃபைலை டவுன்லோடு செய்து, திருத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்ததை மறுபடி ஏற்றுகிறார்கள். ஒரே ஃபைலில் எல்லோரும் வேலை செய்யலாம் என்பதற்காக வந்த மென்பொருளைப் பென்டிரைவ் மாதிரி நடத்துகிறார்கள்.

கூகுள் டாக்ஸில் ஃபைல் மெனுவுக்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்றொரு வரி உண்டு. திறந்தால் கோப்பு பிறந்த நாளிலிருந்து அதன் வரலாறு வலப்பக்கம் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவர் திருத்தமும் ஒவ்வொரு நிறத்தில். பழைய நிலை ஒன்றைத் தேர்ந்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் கோப்பு அந்த நாளுக்குத் திரும்பும். திரும்பிய பிறகு மனம் மாறினால், இடையில் செய்தவையும் அழியாமல் அங்கேயே இருக்கும். அடித்த இடத்தின் பக்கத்திலேயே சுருக்கொப்பமிட்டுத் திருத்திய பழைய கணக்குப்பிள்ளையின் பேரேடு போல, எதுவும் காணாமல் போவதில்லை.

இதில் பலருக்கும் தெரியாத நுணுக்கம், பதிப்புகளுக்குப் பெயர் சூட்டலாம் என்பது. அதே மெனுவில் 'நேம் கரன்ட் வெர்ஷன்' என்று இருக்கும். 'வாடிக்கையாளருக்கு அனுப்பியது', 'ஆடிட்டர் பார்த்தது' என்று பெயர் கொடுத்து வைத்தால், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பதிப்பை நொடியில் எடுக்கலாம். 'ஃபைனல் 2' தேவைப்படாது.

ஷீட்ஸில் இது இன்னும் நுணுக்கமாக வேலை செய்யும். ஒரு கட்டத்தின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்றால், அந்த ஒரு கட்டத்தில் முன்பு என்ன எண் இருந்தது, யார், எப்போது மாற்றினார் என்று தனியே காட்டும். வலைவழி எக்ஸெல்லில் ரிவ்யூ பகுதியில் இருக்கும் 'ஷோ சேஞ்சஸ்' கடந்த 60 நாள் மாற்றங்களைப் பட்டியலிடும். ஜோஹோ ஷீட்டிலும் கட்ட அளவிலான வரலாறு உண்டு. 4,500 என்று இருந்த ஊக்கத்தொகை 5,400 ஆனது எப்படி என்று நாலு பேரை நிறுத்தி விசாரிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

பிடிஎஃப், படம் போன்ற ஏற்றப்பட்ட கோப்புகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. விலைப்பட்டியலின் லிங்க்கை நூறு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் விலை மாறிவிட்டது. புதிய பிடிஎஃப்பைத் தனியே ஏற்றினால் புதிய லிங்க் வரும், நூறு பேருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். பழைய கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகப் புதியதை ஏற்றினால் லிங்க் அதேதான், உள்ளிருப்பது மட்டும் மாறும். பழைய பதிப்பு 30 நாளுக்குப் பிறகு அழிந்துவிடும். வேண்டுமென்றால் 'கீப் ஃபாரெவர்' என்று குறித்து வைக்க வேண்டும். கணினியில் ரான்சம்வேர் புகுந்து எல்லாக் கோப்பையும் பூட்டிவிட்டால்? மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்கள் தங்கள் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத் திருப்பிக்கொண்டு போகலாம். 2018இல் தனிநபர் கணக்குகளுக்கும் வந்த வசதி இது. பாதிக்கப்பட்ட நாளில்தான் பலரும் இதைத் தேடுகிறார்கள்.

ஞாபகசக்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல் ஜேம்ஸ் சோமர்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 'டிராஃப்ட்பேக்' என்றொரு நீட்சியை வெளியிட்டார். கூகுள் டாக்ஸில் எழுதப்பட்ட ஒன்றை, எழுத்து எழுத்தாக எப்படி அடித்தார்கள், எங்கே தயங்கினார்கள், எதை அழித்தார்கள் என்று திரைப்படம் போல ஓட்டிக் காட்டும். ஒரு கோப்பில் திருத்தும் உரிமை உள்ள எவரும் அதன் வரலாற்றைப் பார்க்க முடியும் என்பதன் நேரடி விளைவு இது. கொட்டேஷனில் முதலில் 3 லட்சம் போட்டு, பிறகு 4 லட்சமாக்கி, 'நீங்களே பார்த்துத் திருத்துங்கள்' என்று வாடிக்கையாளருக்கு எடிட் லிங்க் அனுப்பினால், அந்த 3 லட்சத்தையும் சேர்த்தே அனுப்பியதாக அர்த்தம். வெளியே போகும் கோப்பை 'மேக் எ காப்பி' செய்து அந்த நகலை அனுப்புவதே புத்திசாலித்தனம். நகலுக்குப் பழைய வரலாறு ஒட்டாது.

ஒரே ஷீட், பல கை

2020 மார்ச்சில், நாட்டின் கொரோனா எண்ணிக்கையை மாவட்டவாரியாகத் திரட்டிச் சொல்ல ஒரே இடம் இல்லாதபோது, 'கோவிட்19இந்தியா' என்ற தன்னார்வலர் தளம் தொடங்கியது. மாநில அரசுகளின் அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து அவர்கள் விவரங்களைச் சேர்த்தது கூகுள் ஷீட்டில். பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் நம்பிக் கையாண்ட அந்தத் தளம் 2021 அக்டோபர் 31ஆம் தேதி வரை தினமும் புதுப்பிக்கப்பட்டது. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் எங்கே, படுக்கை எங்கே என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் தொடங்கிய பட்டியல்களும் பெரும்பாலும் ஷீட்கள்தான்.

பல கை பட்டால் வரும் தொல்லை, ஷீட் வைத்திருக்கும் எந்த அலுவலகத்துக்கும் தெரியும். ஒருவர் 'மதுரை மட்டும்' என்று வடிகட்டினால் எல்லோர் திரையிலும் மதுரை மட்டும் நிற்கிறது. 'என் கஸ்டமரைக் காணோம்' என்று ஒருவர் அலறுகிறார். இதற்கு மருந்து டேட்டா மெனுவில் உள்ள 'ஃபில்டர் வியூ'. அதில் வடிகட்டினாலும் வரிசைப்படுத்தினாலும் செய்தவர் திரையில் மட்டுமே தெரியும், மற்றவர்களின் வேலை கெடாது. எக்ஸெல்லில் இதன் பெயர் 'ஷீட் வியூ'; கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருக்க வேண்டும். கூட்டாக ஷீட் பயன்படுத்துபவர்கள் ஒரே ஒரு வசதியைக் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

கிளைகள் உள்ள கடைக்காரருக்கு 'இம்போர்ட்ரேஞ்ச்' என்ற சூத்திரம் பெரிய உதவி. திருச்சிக் கிளைக்கு ஒரு ஷீட், சேலம் கிளைக்கு ஒரு ஷீட், அவரவர் அவரவர் ஷீட்டில் விற்பனையைப் பதிவார்கள். தலைமை அலுவலக ஷீட்டில் இந்தச் சூத்திரத்தை எழுதினால், கிளைகளின் எண்கள் தானாக வந்து சேரும். மாலையில் போன் போட்டு, 'இன்னிக்கு எவ்வளவு?' என்று கேட்டு எழுதும் வேலை மிச்சம். ஆனால் ஒரு எச்சரிக்கை: முதல் முறை அனுமதி கொடுத்துவிட்டால், வந்து சேரும் ஷீட்டில் திருத்தும் உரிமை உள்ள எவரும், மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் இதே சூத்திரத்தால் இழுக்க முடியும். விற்பனை இருக்கும் கோப்பிலேயே சம்பளத்தையும் வைத்திருப்பவர்கள் அதைத் தனியே பிரிப்பது நல்லது. ஷீட்டை 'ஹைட்' செய்தால் போதும் என்று நினைப்பதும் ஏமாற்றமே. கோப்பை நகலெடுக்க முடிந்தவர் மறைத்ததைத் திறந்துவிடலாம்.

ஷீட்ஸில் 'கூகுள்டிரான்ஸ்லேட்' என்றும் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு நெடுவரிசையில் ஆங்கிலத்தில் உள்ள பொருள் பெயர்களைப் பக்கத்து நெடுவரிசையில் தமிழாக்கிவிடும். சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் சிரிப்பு நிச்சயம்.

எண்ணைத் தின்னும் கட்டம்

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த தரவை அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. 2007இலிருந்து புழக்கத்தில் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிசைகள் வரை கொள்ளும். கூகுள் ஷீட்டுக்கு வரம்பு 1 கோடி கட்டங்கள். நம் கணினியில் பழைய வடிவக் கோப்புகள் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிடலாம்.

இன்னொரு தொல்லை, எக்ஸெல்லின் அதிகப்பிரசங்கித்தனம். 'மார்ச்1' என்று பெயரிட்ட மனித மரபணுவை அது மார்ச் முதல் தேதியாக மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் தரவுகளில் இந்தப் பிழை பெருகவே, மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது: 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1'. மென்பொருளைத் திருத்த முடியாமல் விஞ்ஞானம் தன் சொற்களைத் திருத்திக்கொண்ட விநோதம் இது. 2023இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் பரவலாகக் கொடுத்தது. கணினியில் நிறுவிய எக்ஸெல்லின் ஆப்ஷன்ஸில், டேட்டா பகுதியில் அது இருக்கிறது.

நம் ஊர் அலுவலகத்தில் இந்தத் தொல்லை ஆதார் எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் வரும். சாதாரணக் கட்டத்தில் எக்ஸெல் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12 இலக்க ஆதார் எண் '1.23456இ+11' என்று விசித்திரமாக நிற்பது அதனால்தான். அதிலாவது எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. 16 இலக்கக் கணக்கு எண்ணை உள்ளிட்டால் கடைசி இலக்கம் நிஜமாகவே பூஜ்யமாகிவிடும், ஏனெனில் எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களின் முன்பூஜ்யமும் பறந்துவிடும். எண்களை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

சின்னச் சின்னச் சங்கதிகள்

ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறும் 'அன்டூ சென்ட்' 2009இல் சோதனையாக வந்து, 2015இல் நிரந்தரமானது. பெயர்தான் திரும்பப் பெறுதல்; உண்மையில் மெயில் சில நொடி போகாமல் உங்களிடமே காத்திருக்கிறது. எதையும் மாற்றாமல் விட்டால் அந்த அவகாசம் 5 நொடி. செட்டிங்ஸில் அதை 30 நொடியாக்கிக்கொள்ளலாம். தவறான நபருக்குப் போய்விட்டதே என்று உறைப்பதற்கு 5 நொடி பெரும்பாலும் போதாது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் பக்கத்தின் அடியில், வலது மூலையில், சிறிய எழுத்தில் 'டீடெய்ல்ஸ்' என்று இருக்கும். உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனத்தில், எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்று அது காட்டும். பிரவுசிங் சென்டரிலோ பழைய அலுவலகக் கணினியிலோ வெளியேற மறந்தவர்கள் ஒரு தடவை பார்க்கலாம்.

தமிழில் பேசினால் தமிழில் எழுதும் 'வாய்ஸ் டைப்பிங்' கூகுள் டாக்ஸின் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மொழிப்பட்டியலில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தமிழுக்கே நான்கு தெரிவுகள் உண்டு. நிறுத்தற்குறிகளை மட்டும் தமிழில் சொல்லிப் போட முடியாது, கையால்தான் போட வேண்டும். தட்டச்சு தெரியாத மூத்த வக்கீல்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இது வரப்பிரசாதம்.

கூகுள் டாக்ஸ் லிங்க்கின் கடைசியில் உள்ள 'எடிட்' என்ற சொல்லையும் அதற்குப் பின்னுள்ளதையும் அழித்துவிட்டு 'காப்பி' என்று எழுதி அனுப்பினால், பெறுபவருக்குத் தனிப்பிரதி எடுத்துக்கொள்ளும் பட்டன் மட்டும் வரும். மாதிரிப் படிவத்தை ஐம்பது ஆசிரியர்களுக்கு அனுப்பும் பள்ளிக்கு இது கைகண்ட வழி. ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதமாட்டார்.

கூட்டங்களால் நாள் வீணாகிறது என்பவர்கள் கூகுள் காலண்டரின் செட்டிங்ஸில் 'ஸ்பீடி மீட்டிங்ஸ்' என்பதை டிக் செய்யலாம். அரைமணிக் கூட்டம் 25 நிமிடமாகவும், ஒருமணிக் கூட்டம் 50 நிமிடமாகவும் தானே சுருங்கும். பேசுபவரைச் சுருக்கும் வசதி இன்னும் வரவில்லை. தன் பயனாளர்களின் தரவை வைத்து 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கைப்படி, ஓர் ஊழியருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 117 மெயில்களும், வேலைநாளில் 153 டீம்ஸ் செய்திகளும் வருகின்றன. இந்த வெள்ளத்தில் 5 நிமிடம் மிஞ்சினாலும் மிச்சம்தான்.

சென்னையிலிருந்து ஒரு மாற்று

இந்தத் துறையில் தமிழ்நாட்டின் கணக்கு பலர் நினைப்பதைவிடப் பழையது. ஸ்ரீதர் வேம்பு 1996இல் சகாக்களோடு தொடங்கிய, இன்று ஜோஹோ எனப்படும் அட்வென்ட்நெட் நிறுவனம், 2005இல் ஜோஹோ ரைட்டரை வெளியிட்டது. பின்னாளில் கூகுள் டாக்ஸாக மாறிய 'ரைட்லி'யைக் கூகுள் வாங்கியது 2006 மார்ச்சில். பிரவுசரிலேயே கடிதம் எழுதலாம் என்ற யோசனை உலகத்துக்குப் புதிதாக இருந்தபோதே சென்னையில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அந்த நிறுவனம் அலுவலகம் திறந்தது.

2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தம் கோப்புகளுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். அடுத்த மாதம் அமித் ஷாவின் மெயில் மாறியது. ஒன்றிய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்குப் போயிருப்பதாகவும் செய்திகள் வந்தன. தேசப்பற்று விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், வேலைக்கு என்ன என்று பார்த்தால், ரைட்டரில் ஒப்பந்தத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் பூட்டிவைத்து மற்றதைத் திருத்த விடலாம். பெயர்ப்பட்டியலோடு இணைத்து நூறு பேருக்கு நூறு கடிதம் எடுக்கும் 'மெர்ஜ்' வசதியும் உள்ளேயே இருக்கிறது. வேர்டில் இதைச் செய்யத் தடுமாறியவர்களுக்கு இது எளிது. மூன்று நிறுவனங்களின் வசதிகளும் இன்று ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். மாறுவதால் மட்டும் உற்பத்தித்திறன் கூடிவிடாது. டவுன்லோடு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் ஜோஹோவிலும் அதையேதான் செய்வார்.

ஓநாயும் ஒட்டகமும் எட்டிப் பார்க்கும் ஷீட்

2018 ஜூலையில் ரஷ்யாவின் தேடுபொறியான யாண்டெக்ஸில் தேடியவர்களுக்கு, யார் யாருடைய கூகுள் டாக்ஸ்களோ முடிவுகளில் வந்து நின்றன. சிலவற்றில் பாஸ்வேர்டுகள்கூட இருந்தன. யாரும் எதையும் உடைத்துத் திருடவில்லை. பொதுவில் பார்க்கலாம் என்று உரியவர்களே திறந்துவைத்த கோப்புகளைத் தேடுபொறி படித்திருந்தது, அவ்வளவுதான். 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்ற தெரிவை அவசரத்தில் தட்டுகிறவர்களுக்கு, அந்த லிங்க் எங்கெல்லாம் போகும் என்ற யோசனை வருவதில்லை.

திறந்துகிடக்கும் கோப்பைக் கண்டுபிடிக்கக் கூகுளே ஒரு குறிப்பு தருகிறது. ஷீட்டின் மேல்மூலையில் 'அனானிமஸ்' என்ற அடைமொழியோடு ஓநாய், ஒட்டகம், முதலை என்று விலங்குப் படங்கள் தெரிகின்றனவா? பலரும் அதை வேடிக்கை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெயர் சொல்லி அழைத்தவர்கள் பெயரோடுதான் தெரிவார்கள். விலங்கு தெரிந்தால் அந்தக் கோப்பு லிங்க் உள்ள யாருக்கும் திறந்திருக்கிறது என்று பொருள். சம்பள ஷீட்டில் ஓநாய் தெரிந்தால் உடனே 'ஷேர்' பட்டனை அழுத்தி 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள். பார்ப்பவர் டவுன்லோடு செய்யவோ அச்செடுக்கவோ கூடாதென்றால், அதே பெட்டியின் மேலே உள்ள பற்சக்கரத்துக்குள் அதற்கான டிக் இருக்கிறது. திரையைப் போனில் படம் எடுப்பதை அது தடுக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை, கோப்பு யாருடையது என்பதில் இருக்கிறது. சிறு நிறுவனங்களில் பில் ஷீட், வாடிக்கையாளர் பட்டியல், ஸ்டாக் கணக்கு எல்லாம் ஏதோ ஓர் ஊழியரின் சொந்த ஜிமெயிலில் பிறந்தவையாக இருக்கும். அவர் வேலையை விட்டுப் போய், கோபத்திலோ மறதியிலோ அதை அழித்தால், டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்துவிட்டுப் போய்விடும். 2020 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. அந்தக் கணக்கையே அவர் 2 ஆண்டு தொடாவிட்டால், கணக்கோடு சேர்த்து அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. நிறுவனத்தின் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு என்றாலும், விலகியவரின் ஐடியை அட்மின் அவசரப்பட்டு நீக்கினால் மீட்க 20 நாள்தான் அவகாசம். நீக்குவதற்கு முன்பே அவருடைய கோப்புகளை இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். கோப்புகளைத் தனிநபர் பெயரில் இல்லாமல் குழுவின் பெயரிலேயே வைக்கும் 'ஷேர்டு டிரைவ்' இதற்காகவே வந்தது; கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கும்.

இந்த வாரம் அலுவலகத்தின் முக்கியமான ஐந்து கோப்புகளைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி, 'ஓனர்' என்ற சொல்லுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். சொந்த ஜிமெயில் ஒன்றிலிருந்து இன்னொரு ஜிமெயிலுக்கு உரிமையை மாற்றலாம். பெறுபவர் சம்மதிக்க வேண்டும். சொந்த ஜிமெயிலிலிருந்து நிறுவனத்தின் ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கு அப்படி மாற்ற முடியாது. நகல்தான் எடுக்க வேண்டும், நகலுக்கு வரலாறு வராது. அதனால் பழைய கோப்பையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.